கேக்கில் என்ன போட்டாய், ப்ரியா?

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ப்ரியாவுக்கு,

நானும் ஸ்வாதியும் நலம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் அடுத்த பத்தியைப் படித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு புனே ஸ்டேஷனுக்கு ஓடிவிடுவாய். ஓடாதே. எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

தினமும் போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்பாய். உன் மகள் போனை ஸ்பீக்கரில் போட்டு என் மடியிலேயே உட்கார்ந்துகொள்கிறாள். அவள் காதில் விழாமல் சொல்ல வேறு வழியில்லை.

நேற்றுக் காலை பாத்ரூமிலிருந்து அப்பா என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது. பிள்ளைக்கு ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னதும், நீ சூப்பர்வைசர் பயிற்சிக்கே போகமாட்டேன் என்று அழுததும், நான் பார்த்துக்கொள்கிறேன் போ என்று உன்னை ரயிலேற்றியதும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. இருக்கிற ரத்தமும் போகிறதே என்றுதான் நினைத்தேன். உன்னைக் கூப்பிடப் போனை எடுத்தேன். கூப்பிட்டால் பயிற்சியைப் பாதியில் விட்டு வந்துவிடுவாய். கம்பெனியில் இன்னொரு முறை உன் பெயரைச் சேர்க்க மாட்டார்கள். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிள்ளையை வண்டியில் முன்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். ஹெல்மெட் போடவில்லை. திட்டுவதை வந்து திட்டு.

டாக்டரம்மா ரத்தமும் சிறுநீரும் எடுக்கச் சொல்லிவிட்டு, பீட்ரூட் சாப்பிட்டாளா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. காய் என்றால் தட்டையே நகர்த்துகிறவள் இவள், பீட்ரூட் எங்கள் வீட்டுப் பக்கமே வருவதில்லை, எதிர்வீட்டு மாதேஸ்வரி அக்கா கொடுத்தனுப்பும் சாக்லேட் கேக்கை மட்டும்தான் ஒழுங்காகத் தின்கிறாள் என்று அடித்துச் சொன்னேன். அப்போது இவள் என் சட்டையை இழுத்தாள்.

"அந்தக் கேக்குலதாம்ப்பா பீட்ரூட் இருக்கு. அம்மாவும் எதிர்வீட்டு அத்தையும் என் முன்னாடியே போன்ல ஸ்பீக்கர் போட்டு கன்னடத்துல பேசிக்குவாங்க. எனக்குக் கன்னடம் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருக்காங்க."

டாக்டரம்மா சிரித்த சிரிப்பு வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும். பீட்ரூட் தின்றால் சிலருக்கு இப்படிப் போகுமாம், இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு இன்னும் அதிகமாம். சிறுநீரில் ரத்தமே இல்லை என்று ரிப்போர்ட்டும் வந்தது.

ஸ்கூல் வேனில் பக்கத்து சீட்டுப் பிள்ளைகளிடம் கன்னடம் கற்றிருக்கிறாள். வேகவைத்து அரைத்த பீட்ரூட், ராகி மாவு, கோகோ பவுடர், நாட்டுச்சர்க்கரை என்று நீ அளவு சொல்லச் சொல்ல, அக்கா "மகுவிகே கொத்தாகல்லா", பிள்ளைக்குத் தெரியவே தெரியாது என்று சிரிப்பாராம். அதையும் அப்படியே பேசிக் காட்டினாள். இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருடமாகியும் சாப்பிட்டாச்சா என்று கேட்கும் 'ஊட்டா ஆயிதா'வைத் தாண்டாத எனக்குத்தான் எதுவும் தெரியவில்லை. இரண்டு துண்டு தின்றுவிட்டு, பேக்கரிக் கேக்கு தோற்றது என்று வேறு அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

தெரிந்தும் ஏன் தின்றாய் என்று திரும்பும்போது கேட்டேன். நான் சாப்பிடவில்லை என்று தெரிந்தால் அம்மா வேலையை விட்டுவிட்டு வந்துவிடும், அதனால் முதலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றேன், இப்போது பிடித்துவிட்டது என்றாள். எட்டு வயதுப் பிள்ளை, ப்ரியா. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டாள். கண்ணில் தூசி என்றேன்.

ரத்த அளவு, அந்த ஹீமோகுளோபின், எட்டிலிருந்து பத்தைத் தாண்டிவிட்டது. டானிக்கும் கேக்கும் இரண்டுமே நிற்கக் கூடாது என்றார் டாக்டரம்மா.

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நீ தெரியாதது போலவே இரு. அடுத்து கேரட்டோ பூசணியோ, எதைப் போடுவதானாலும் அவள் முன்னால் கன்னடத்திலேயே பேசு. எனக்கு மட்டும் தமிழில் சொல்லிவிடு.

நீ இல்லாமலும் நான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உண்மையில் அவள்தான் நம் இருவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தைரியமாகப் படி, சூப்பர்வைசராக வா. ஆனால் முடிந்த அன்றைக்கே ரயிலேறிவிடு.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
பூபதி