நீலமாகப் பூத்தால் ஆபத்து

செவ்வாய்க் கோளில் நாள் 211, காலை 07:10
வழக்கமான பதிவு. பசுமைக்கூடம் ஒன்று, ஆள் ஒன்று: மண்ணியலாளர் மங்கையர்க்கரசி, வயது ஐம்பத்திரண்டு, மூட்டுவலி இரண்டு காலிலும். கோதுமைக் கதிர் பால் பிடிக்கிறது. ஹைட்ராஞ்சியாப் பூ ரோஸ் நிறம். நல்லது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: ஹைட்ராஞ்சியாச் செடி இங்கே அழகுக்கு இல்லை. மண்ணில் காரம் இருக்கும்வரை அலுமினியம் கரையாது, பூ ரோஸாக இருக்கும். அமிலம் ஏறினால் அலுமினியம் கரைந்து வேருக்குள் போகும், பூ நீலமாகும். ஹைட்ராஞ்சியா அதைத் தாங்கும். கோதுமை வேர் கருகிவிடும். ஊட்டியில் செல்ஃபி எடுக்க நிற்கிற பூ, இங்கே என் அபாய விளக்கு.

நாள் 213, மதியம் 14:40
பூமியிலிருந்து திட்ட இயக்குநர் சேஷகிரி:
"மேடம், நிலையத் திறப்பு விழா அழைப்பிதழ்ல நீலப் பூ அச்சாயிடுச்சு. அமைச்சர் நேரலைல பாக்கப்போறார். கொஞ்சம் நீலமா ஆக்கிடுங்களேன்."
என் பதில்: "சார், நீலம்னா கோதுமை காலி. கப்பல்ல வந்துட்டிருக்கிற நாலு பேருக்கும் வேற சோறு கிடையாது."
அவர்: "விழா வரைக்கும் ஒரு மாசம்தானே? அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."
இந்த ஆள் முன்பு பொருட்காட்சிக்குப் பந்தல் பார்த்தவர். யாருக்குச் சம்பந்தி என்று எழுதமாட்டேன். எழுதினால்தான் தூக்கம் வரும், இருந்தாலும்.

கப்பல் பாதி வழி தாண்டிவிட்டது, திரும்ப முடியாது. வந்து சேரும்வரைதான் அதில் உணவு. அடுத்த சரக்குக் கப்பல் இரண்டு வருடம் கழித்து.

நாள் 216, காலை 05:55
நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, குழாய் கழுவும் அமிலத்தைப் பூமியிலிருந்தே திறந்துவிட்டிருக்கிறார்கள். பூப் பாத்திக்கு மட்டுமாம்! எல்லாப் பாத்திக்கும் ஒரே தொட்டித் தண்ணீர்தான் சுற்றி வருகிறது என்பது கூடவா தெரியாது? பூமியின் கட்டளை வால்வுக்குப் போகும் கம்பியைப் பிடுங்கி எறிந்தேன். குறட்டை விட்ட எனக்கும் இரண்டு அறை கொடுக்கலாம்.

நாள் 239, மாலை 17:20
புது மொட்டெல்லாம் நீலம். கோதுமை மஞ்சள். பிடுங்கிப் பார்த்தேன், வேர் கட்டை கட்டையாகக் கறுத்திருக்கிறது. இருந்த சுண்ணாம்பை எல்லாம் கொட்டினேன். பிழைத்தது ஒரே பாத்தி.
சேஷகிரி: "அபாரம் மேடம்! ஒத்திகைல எல்லாரும் கைதட்டினாங்க. கோதுமை விஷயம் விழா முடியறவரைக்கும் கப்பலுக்குத் தெரிய வேண்டாம்."
கைதட்டலை அரைத்தால் மாவு வருமா, சேஷகிரி?

நாள் 239, இரவு 20:05
கப்பலிலிருந்து ஓட்டுநர் ஜெனிட்டா, தூத்துக்குடிப் பெண்:
"யக்கா, நீலப் பூ பாத்தோம், செம! டியூப்ல வர்ற சாப்பாட்டுப் பசைய நக்கி நக்கி நாக்கு செத்துப்போச்சு. எறங்குனதும் சப்பாத்தி வேணும், ஆளுக்குப் பத்து!"
அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும். இங்கே வந்து யார் என்னை அனுப்புவது?
அவள் கேட்டது: "ஒரு பாத்தி எத்தன பேருக்குக் காணும்? நேரா சொல்லுங்க."
"ஒருத்தருக்கு. அதுவும் என்னை மாதிரி தின்னாத ஆளா இருந்தா."
"சரிக்கா. விழாவுல நாங்க பேசிக்கிடுதோம்."

நாள் 244, காலை 10:30
விழா. அமைச்சர் கப்பலைப் பார்த்துப் பூ எப்படி என்று கேட்டார். ஜெனிட்டா: "அந்த நீலம் எங்க சாவு சார். உங்க ஆளுங்கதான் ஊத்துனாங்க. சேஷகிரி சாரக் கேளு—"
படம் அறுந்தது. பிறகு இசை.

நாள் 245, காலை 06:40
பூமியின் பொது ஒலிபரப்பு இன்னும் காதில் விழுகிறது. நான் கூப்பிட்டால் பதில் இல்லை. செய்தி: "தொழில்நுட்பக் கோளாறில் செவ்வாய் நிலையமும் கப்பலும் அழிந்தன. ஐந்து பேருக்கும் கண்ணீர் அஞ்சலி." சேஷகிரியின் குரல் தழுதழுத்தது. அடப்பாவி, நான் இன்னும் பல்லே விளக்கவில்லை! என்னை அடக்கம் செய்தாயிற்று. இனிச் சரக்குக் கப்பலும் வராது. செத்தவர்களுக்கு யார் அரிசி அனுப்புவார்கள்?

நாள் 262, மாலை 18:15
இறங்கிவிட்டார்கள். நால்வரும் நலம். ஜெனிட்டா கதவைத் தட்டுகிறாள், வெளியே சிரிப்புச் சத்தம். அடுப்பில் ஓர் ஆளுக்கு மட்டும் காணும் கஞ்சி. ஐந்து கிண்ணம் எடுத்து வைத்திருக்கிறேன். முதலில் எதில் ஊற்றுவது