சிவப்பு வட்டம்

மோர்னிங்சைட், ரொறன்ரோ
18.01.1987

அன்பு மகள் பேபிக்கு, அப்பா எழுதுவது. நான் சுகம். நீயும் சுகம் என்று அம்மாவின் கடிதத்தில் அறிந்தேன், உன் கையெழுத்தில் இல்லை, அது வந்து மூன்று மாதம். "பிழை பிழையெண்டு திருப்பி அனுப்பினா பிள்ளை என்னெண்டு எழுதும், நீங்க என்ன வாத்தியாரா" என்று அம்மா கேட்டிருக்கிறா. எனக்குச் சுற்றிவளைக்கத் தெரியாது, நேரே சொல்கிறேன். "அப்பா, அங்க பணி கொட்டுதாமே" என்று எழுதியிருந்தாய். பனிக்கு மூன்று சுழி ண போட்டுவிட்டாய். நான் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு உன் கடிதத்தையே திருப்பி அனுப்பினேன். அந்தக் கிழமைதான் எனக்கு வேலை போயிருந்தது, பணி கொட்டுதா என்று நீ கேட்டது சுட்டுவிட்டது. அது உன் குற்றமில்லை.

வேலையில்லாத நாட்களில் சூட்டுக்காக நூலகத்தில் போய் இருப்பேன். அங்கே அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சனைப் பற்றி வாசித்தேன். எனக்கேற்ற ஆள். மணிக்கூட்டு முள் தெரிகிற அளவு விடிந்ததும் எழும்பி, வெப்பமானியைப் பார்த்துக் குறித்து வைப்பாராம். தினமும் குளிர்ந்த தண்ணீரில் காலை வைப்பாராம், அதனால்தான் சளி, தடிமன் வருவதில்லை என்று நம்பினாராம். நானும் வாளிக்குள் காலை வைத்தேன். அறையில் கூட இருக்கிற அன்புராசா அண்ணை "டேய், உனக்கென்ன விசரா, வெளியில போய் நில், வாளி மிச்சம்" என்றார். நாலு நாள் தடிமன். அதே மனிதர், ஜனாதிபதி ஆவதற்கு முன், தாயில்லாத தன் பதினொரு வயது மகளைத் தூர ஊரில் விட்டுவிட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார். எட்டு மணிக்குச் சங்கீதம், பிறகு ஒரு நாள் நடனம், மறுநாள் படம் கீறல் என்று நேரசூசி, ஒரு சொல்லும் பிழையாக எழுதக் கூடாது என்று கட்டளை. உனக்கும் பதினொன்று. சாப்பிட்டாயா என்று ஒரு வரி தேடினேன், நான் வாசித்த பக்கத்தில் இல்லை. கோபத்தில் புத்தகத்தை மூடினேன். பிறகு யோசித்தால், நானும் கேட்கவில்லை.

போன கிழமை ரெக்ஸ்டேலில் டிவி திருத்துகிற கடையில் வேலை கிடைத்துவிட்டது. பிழை தேடுவது கடையோடு நிற்கட்டும். மகள், சாப்பிட்டாயா? கொதித்தாறின தண்ணீர் குடி, அம்மாவோடு சண்டை பிடிக்காதே. மாமாங்கப் பிள்ளையார் உன் பக்கத்திலேயே இருப்பார். மறக்காமல் ஒன்று செய். இந்தக் கடிதத்தின் கடைசி வரியில் ஒரு பிழை விட்டிருக்கிறேன், சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு எனக்குத் திருப்பி அனுப்பு.

உன் அப்பா,
கனகசிங்கம்

இங்கே நல்லாய்ப் பணி கொட்டுது, மகள்.