கருங்கல்வேலி மன்னர் பல் தெரியச் சிரித்த செய்தி

நலம் பெருகுக. நடுவாற்றின் தென்கரை முழுதும் தம் குடைநிழலில் வைத்துக் காப்பவரும், பஞ்ச காலத்தில் களஞ்சியத்தைத் திறந்ததோடு நில்லாமல் அதன் கதவையும் விறகுக்குக் கொடுத்தவருமாகிய தாழைக்கோட்டுப் பேரரசி நன்னாகையார் திருமுன்பு, வடகரைக் கருங்கல்வேலியின் அரசவையிலிருந்து, தூது சென்ற நகைக்கூத்தன் தும்பி பணிந்து விடுக்கும் ஓலை. அரசியார் கொற்றம் ஓங்குக. ஏரிகள் கரை ததும்புக. இதை அவையில் உரக்கப் படிக்கும் அதிகாரிக்கு நடுவில் இருமல் வாராதிருக்க.

முடிவை முதலில் சொல்வது தூதனுக்கு முறை. முடிவைக் கடைசியில் சொல்வது கூத்தனுக்குப் பிழைப்பு. தும்பி இரண்டுமாக வந்தவன் ஆதலின், தென்கரையில் ஆயிரம் வேலோடு காத்திருக்கும் படைத்தலைவர் விறலனார் மட்டும் இப்போதே உட்கார்ந்துகொள்ளலாம். ஏனையோர் பொறுத்துக் கேட்க.

வெள்ளம் இழுத்துப்போய் வடகரையில் ஒதுக்கிய நம் ஓடக்காரர் பதினெழுவரை ஒற்றர் என்று பிடித்து, இன்று பொழுது சாயுமுன் தலை கொய்வதாக இந்நாட்டார் தீர்ப்பளித்ததை அரசியார் அறிவீர். மன்னர் பல் தெரியச் சிரித்த நாளில் கொலைத்தண்டம் கிடையாது, அன்று தண்டத்துக்கு நின்றவர் விடுதலை என்பது இவர்களின் பழைய வழக்கம். அதை நம்பியே வாளை அனுப்பாமல் தும்பியின் வாயை அனுப்பினீர்கள். ஆனால் மன்னர் குன்றுடையார் சிரித்து ஏழாண்டு ஆயிற்று என்பதும், அவர் சிரிக்குமுன் அவையில் எவரும் சிரிக்கலாகாது என்பதும் இங்கு வந்த பிறகே தும்பிக்குத் தெரிந்தன.

தென்கரையில் தேய்ந்துபோன தன் வேடிக்கை வரிகள் வடகரையில் புத்தம் புதிதாக விலைபோகும் என்ற மிதப்பில் தும்பி அவை நடுவே நின்றான். "என் வீரத்தைக் கேக்குறீங்களா? போர்க்களத்துல என் முதுகைப் பாக்காத எதிரியே கிடையாது!" என்றான். 'முதுகை' என்று அவன் வாய் திறக்குமுன்னே வாயிற்காவலன் மிச்சத்தை முணுமுணுத்து முடித்துவிட்டான். "வைத்தியர் ஒரு கசாயம் குடுத்தார், வியாதி பயந்து ஓடிருச்சு, நானும் அது பின்னாலயே ஓடிட்டேன்" என்றான். இம்முறை சாமரம் வீசும் பெண்கள் இருவரும் கூடவே சொன்னார்கள். பரிசல் ஏறி வரும் உப்பு வணிகர்கள் உப்போடு தும்பியையும் இத்தனை காலம் இறக்கிவந்திருக்கிறார்கள்; அவனுக்குத்தான் தெரியவில்லை. மன்னரின் உதடு கோட்டைக் கதவைப் போல் மூடியே கிடந்தது.

சிரித்தவர்கள் பதினெழுவர் மட்டுமே. கைகள் பின்னே கட்டப்பட்டு வாயிலருகே நின்ற நம் ஓடக்காரர், நூறு முறை கேட்ட அதே வரிகளுக்கு வாய்விட்டுச் சிரித்தார்கள். முறை மீறிச் சிரித்தால் தண்டனை என்று காவலன் அதட்டியபோது, அவர்களின் தலைவன் உதியன், "இதுக்கு மேல என்னய்யா செய்வீங்க?" என்று கேட்டான். சாகப்போகிறவர்கள் தன்னைத் தேற்றுவதற்காகச் சிரிக்கிறார்கள் என்று கண்டதும், அரசியாரே, தும்பி அவர்கள் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டான்.

சாளரத்து வெயில் மஞ்சளாகி இறங்கிற்று. கடைசி முயற்சியாகத் தன் பேர்போன வரியை எடுத்தான்: "எங்க மாமியார் ஊர்லேருந்து வந்தா எங்க வீட்டு நாய் குரைக்கிறதே இல்லை..."

அவ்வளவுதான். மிச்சம் வரவில்லை. முப்பதாண்டு சொன்ன வரி, வாயை விட்டு எங்கோ போய்விட்டது. "நாய்..." என்றான், மறுபடியும் "நாய்..." என்றான்.

அரியணையில் மன்னர் நெளிந்தார். விரல்களை மடக்கினார், நீட்டினார். பொறுக்கமாட்டாமல் எழுந்தே விட்டார். "அட, எங்கூட வந்து கட்டிலுக்கு அடியில படுத்துக்கும்!" என்று, தும்பியின் இழுப்பும் தலையாட்டலும் அப்படியே விளங்கச் சொல்லி முடித்தார்.

அவையோர் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். காரணம், அரியணைக்கு வலப்பக்கம் தனி இருக்கையில் வீற்றிருந்த பெருந்தேவி மங்கலையார் மன்னரின் மாமியார். அவர் மகளைப் பார்க்க வந்து தங்கி ஏழாண்டு. அம்மையார் மெல்லத் திரும்பி மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். "நான் வந்த நாளா அரண்மனை நாய் குரைச்சுக் கேட்டதில்லையேன்னு நினைச்சேன். இப்பல்ல புரியுது, மாப்பிள்ளை!" என்றார்.

மன்னர் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்பதுவரை தெரியச் சிரித்தார். அம்மையாரும் சிரிக்க, தூண் தூணாக அவை முழுதும் இடிந்து சிரித்தது. மன்னர் சிரித்ததற்குச் சாட்சி சொல்லி மணியடிக்க இங்கே ஓர் அதிகாரி உண்டு. ஏழாண்டு வேலையின்றி இருந்ததால் மணியின் நாக்கை எங்கே வைத்தோம் என்பது அவருக்கு மறந்துபோய், கழற்றிய செருப்பாலேயே மணியை அடித்தார். அந்த ஓசைக்குப் பதினெழுவரின் கட்டும் அறுந்தது.

வரியை மறந்ததுபோல் நடித்தது பெருஞ்சூழ்ச்சி என்று இவ்வவை தும்பியைப் புகழ்ந்து சால்வை போர்த்தியது. தும்பி மறுக்கவில்லை, சால்வை நல்ல சால்வை. ஆயினும் அரசியாரிடம் பொய் உரைத்தல் ஆகாது: மறந்தேதான் போயிற்று. இன்று வென்றவர் மங்கலையார். தும்பி அவருக்கு வரி எடுத்துக்கொடுத்தவன், அவ்வளவே.

ஆகவே, தூதனுக்கு அரசியார் அளித்த அதிகாரத்தால் ஆணையாவது: விறலனார் குதிரைகளின் சேணத்தை இறக்குக. பொழுது சாயுமுன் பதினெழுவரும் கரை ஏறுவர். அவர்களின் வீட்டாரைத் துறைக்கு அழைத்து வைக்க. சோறு சூடாக இருக்கட்டும். தும்பியின் வரிகளுக்குச் சிரிக்கும் வேலையிலிருந்து அவர்கள் பதினெழுவருக்கும் ஆயுள் முழுதும் விலக்கு அளிக்கப்படுகிறது.

தாழம்பூ முத்திரை ஒற்றி, தும்பி கைந்நாட்டு. இதன் சொல் நிலைக்க. இதைக் கேட்டார் மனம் குளிர்க.

முத்திரையிட்ட பின் சேர்த்தது: பெருந்தேவி மங்கலையார் வரும் நிறைமதி நாளில் நம் அரண்மனைக்கு விருந்தாக எழுந்தருள்கிறார். நாயைக் கட்டிவைக்க வேண்டாம். எங்கே போகவேண்டும் என்று அதற்குத் தெரியும். தும்பிக்கும் கொஞ்சம் இடம் விடச் சொல்க.