விற்பனைக்கு இல்லாத நட்சத்திரம்

கோபம் இன்னும் ஆறாதவளுக்கு,

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் இன்றோடு பதினெட்டு நாள். கிறிஸ்துமஸுக்கு இன்னும் நான்கு நாள். பிள்ளைகள் இருவரும் நலம். பெரியவளுக்கு நான்தான் தலை பின்னுகிறேன். முதல் நாள் கடையில் பார்சல் கட்டும் முடிச்சையே ரிப்பனில் போட்டுவிட்டேன். அவிழ்க்க முடியாமல் டீச்சர் கத்தரிக்கோல் எடுத்தாராம். "ஏம்ப்பா, என்னையும் எங்கயாவது அனுப்பப் போறியா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பள்ளி விட்டதும் இருவரும் நம் கடைக்கு வந்து, தொங்கும் காகித நட்சத்திரங்களுக்குக் கீழே படுத்துக்கொள்கிறார்கள். விளக்கைப் போட்டால் சின்னவள் கன்னத்தில் சிவப்பும் நீலமும் நீந்துகின்றன. கடையே தண்ணீருக்குள் மிதப்பதுபோல் இருக்கிறது. நானும் வியாபாரத்தை மறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு வருஷமும் நல்லதையெல்லாம் விற்றுவிட்டு, கிழிந்த நட்சத்திரத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். அதில்தானே அன்று நமக்குள் பேச்சு முற்றியது. நேற்று கடைக்கு வந்த ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பெரிய வெள்ளை நட்சத்திரத்தைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் எழுந்து, "அது அம்மாவோடது மாமா!" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க, அது விக்கிறதுக்கு இல்ல," என்றேன். இருபது வருஷத்தில் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை.

இப்போது அது நம் வீட்டு ஜன்னலில் தொங்குகிறது. விளக்கு மட்டும் போடவில்லை. ஸ்விட்சை நீதான் போட வேண்டுமாம், பிள்ளைகள் சொல்கிறார்கள். பிள்ளைகள் மட்டும்தான் சொல்கிறார்கள் என்று எழுதினால் அது பொய்.

இப்படிக்கு,
முடிச்சை அவிழ்க்கத் தெரியாதவன்