பொட்டு வைத்த காண்டாக்டர்

செவ்வாய் இரவு. ஆயுத பூசை முடிந்த வாரம்.

நேற்று கோழித்தீவன மில்லில் பழனியம்மாளின் முந்தானை கன்வேயர் பெல்ட்டில் சிக்கியது. பக்கத்திலிருந்த சரோஜா ஸ்டாப் பட்டனை அமுக்கியும் மோட்டார் நிற்கவில்லை. முந்தானையை இழுக்கப் போனதில் பழனியம்மாளுக்கு இரண்டு விரல் போய்விட்டது.

இன்று காலையில் எலக்ட்ரீசியன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்விட்ச் பேனலைத் திறந்தால், மோட்டாருக்குக் கரண்ட்டை விட்டு நிறுத்தும் காண்டாக்டரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். ஸ்டாப்பை அமுக்கியதும் வெளியே வந்து கரண்ட்டை அறுக்க வேண்டிய கட்டை, இடுக்கில் வழிந்து காய்ந்த சந்தனத்தில் இறுகி உள்ளேயே நின்றிருந்தது. சுரண்டி எடுத்து முதலாளியிடம் காட்டினேன்.

"ஏனுங்க, சாமிக்கு வெச்ச பொட்டு மேலயா பழி போடுவீங்க? போன மாசம் பேனல்ல கை வெச்சது நீங்கதானுங்களே" என்றார்.

"பொட்டப் பேனல் கதவுக்கு வெளிய வெய்யுங்கன்னு அப்பவே சொன்னனுங்க."

"அவ பதறாம இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுங்க."

புதுக் காண்டாக்டர் மாட்டி, மோட்டாரை ஓட்டி நிறுத்திக் காட்டினேன். சாமான்களைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பினால், முதலாளி கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு நிற்கிறார்.

"புதுசுக்கும் வெச்சுரலாமுங்க. இனியாச்சும் ஆருக்கும் ஒண்ணும் ஆகக்கூடாதுங்களே."