அருவியில் குளிக்கத் தடை

அண்ணே,

உன் கீபோர்டைத் துடைக்க எடுத்தேன். இன்னமும் நல்லெண்ணெய் வாடை. ஐந்தருவியில் குளித்துவிட்டு, எண்ணெய் முழுதாகப் போகாத விரல்களோடு வந்து தட்ட உட்காருவாய். எவ்வளவு திட்டியும் நீ திருந்தவில்லை.

குத்துக்கல்வலசை வீட்டு மாடியில் நீ புரோகிராம் எழுத, நான் படம் வரைய, மூன்று குற்றாலச் சீசன் போனது. நம் ஊரில் வீடியோ கேம் செய்த முதல் ஆள் நீ. "தென்காசியில உக்காந்து கேமா? பெங்களூருக்குப் போகச் சொல்லு" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை.

நம் கேமில் குற்றாலத்து அருவிகளை ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டும். மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீஸ் விசில் ஊதும், குளிக்கத் தடை. வெள்ளம் வடியும்வரை காத்து நிற்பதைத் தவிர வழியில்லை. அதை விளக்கி ஒரு வரி எழுத உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஊர் உலகத்துக்கே தெரிந்த விஷயம்தானே என்று விட்டுவிட்டோம். வெளியிட்ட அன்றே எங்கெங்கிருந்தோ புகார்: கேம் பாதியில் நின்றுவிடுகிறது.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். நீ சிரித்தாய்.

"ஏட்டி, தண்ணி கூடிட்டா கலெக்டரே வந்தாலும் வெளிய நிக்கத்தான் செய்யணும். இவனுகளுக்கு மட்டும் என்ன அவசரமாம்?"

"ஒரு வரியாவது போடுண்ணே."

வரியைப் போட்டாய். காத்திருப்பை எடுக்கவில்லை. பிறகு, சாரலைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதுதான் பிடித்திருக்கிறது என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள்.

நீ இறந்த பிறகு இது இரண்டாவது சீசன். நேற்று மதியம் ஒரு பெரிய கம்பெனிக்காரர் வந்தார். கேமை வாங்கிக்கொள்வார்களாம். உன் பெயரைப் பெரிதாகப் போடுவார்களாம். தென்காசி, குற்றாலம் என்ற பெயர்கள் இருக்காது. காத்திருப்பும் போய்விடும்.

"அண்ணனுக்கு இது ஒரு மரியாதைதானே மேடம்?"

எனக்கு வந்ததே கோபம்.

"அண்ணன் பேர வேணும்னா எடுத்துருங்க. ஊர் பேர் இருக்கட்டும். தண்ணி கூடினா எல்லாரும் நிக்கட்டும்."

"அப்ப இது தென்காசியைத் தாண்டாது."

"தாண்டாட்டா இங்கன கிடக்கட்டும் சார்."

கையெழுத்துப் போடவில்லை. நீ போனதோடு எல்லாம் போயிற்று என்றுதான் இதுவரை நினைத்து அழுதுகொண்டிருந்தேன். போகவில்லை, அண்ணே. உன் வீம்பு முழுசாக என்னிடம் இருக்கிறது. கேட்க வருகிறவன் வரட்டும்.