ஓவர்சியரிடம் சொல்லாமல் விட்டது

கரட்டுப்புதூர்,
மதுக்கரை வழி,
2.11.1999

அன்பு மகள் கீதாமணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், இந்தத் தடவை இதை நெஞ்சில் கை வைத்து எழுதுகிறேன். அங்கே சூரத்தில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற குழந்தையும் சௌக்கியமாக இருக்க சென்னிமலை ஆண்டவனை வேண்டிக்கொள்கிறோம். ஏழாம் மாதம் பிறந்தும் கட்டுச்சோறு போட்டு அழைத்துப்போக யாரும் வரவில்லையே, தலைப்பிரசவத்துக்குக்கூட நம் வீட்டில் எனக்கு இடமில்லையா என்று முந்தின கடிதத்தில் கேட்டிருந்தாய். அந்த வரியைப் படித்த பிறகு உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நாள் சரியில்லை என்றும் அம்மாவுக்கு முழங்கால் வலி என்றும் நான் எழுதியதெல்லாம் பொய் கண்ணு. உன்னை இந்த வீட்டுக்குள் படுக்கவைக்கப் பயம், அதுதான் நிஜம். உள் அறை விட்டம் செல்லரித்து நடுவில் விண்டுபோய், கீழே ஒரு கம்பத்தை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தோம். மழை வந்தால் நாலு இடத்தில் ஒழுகும். முப்பது வருஷம் லாரியில் சிமெண்ட் மூட்டை ஏற்றினவன் வீட்டுக்கு ஒரு மூட்டை சிமெண்ட் வாங்க வக்கில்லாமல் போனது என்று மகளுக்கு எப்படி எழுதுவது? மாப்பிள்ளை வேறு படிப்பாரே என்று வெட்கம்.

ஆனி மாதம் நம் பஞ்சாயத்துத் தலைவர் லட்சுமணசாமி வந்து, பழைய வீட்டைப் பழுதுபார்க்க சர்க்கார் மானியம் கொடுக்குதுங்க, யூனியன் ஆபீஸில் எழுதிக்கொடுங்க என்றார். ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, வருமானச் சான்று என்று அலைந்து எல்லாம் கொடுத்தேன். ஆடியில் பாலுசாமி என்று ஒரு ஓவர்சியர் வீட்டைப் பார்வையிட வந்தார், நல்ல மனிதர். அம்மா முதல் நாளே வீட்டை மெழுகி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பக்கத்து வீட்டில் பால் வாங்கிக் காப்பி போட்டாள். நான் அவரை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். உள்ளே எப்படீங்க இருக்குது, பழுது ரொம்பவுங்களா என்று கேட்டார். என் வாய் இருக்கிறதே வாய், உங்க புண்ணியத்துல ஒரு கொறையுமில்லீங்க என்று சொல்லிவிட்டது! வீட்டுக்கு வந்தவரிடம் வேறெப்படிப் பேசுவது, பழகிப்போன நாக்கு. அவரும் காப்பியைக் குடித்துவிட்டுப் ஜன்னல் வழியாகச் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தார், ஏதோ எழுதினார், கும்பிட்டுவிட்டுப் போனார். ஆவணியில் பஞ்சாயத்து ஆபீஸில் பட்டியல் ஒட்டினார்கள், என் பெயர் இல்லை. போய்க் கேட்டால் வீடு நல்ல நிலையில் உள்ளது, பழுது இல்லை என்று ரிப்போர்ட்டாம். உன் அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். ஏனுங்க, பொண்ணு பாக்க வந்தவங்ககிட்டச் சொல்ற பேச்சையா ஓவர்சியர்கிட்டச் சொல்லிப்போட்டீங்க, இனி எம்புள்ளையை எங்கே கொண்டாந்து படுக்கவைக்கறது என்று ஒரே அழுகை.

பிறகு அவளே கிளம்பினாள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிற நாள் என்று யாரோ சொல்ல, மனு எழுதிக்கொண்டு இரண்டு பேரும் காலை பஸ்ஸில் போனோம். மூன்று மணி நேரம் வரிசை. மேசைக்கு முன்னால் போனதும் அந்த அதிகாரி, சொல்லுங்க பெரியவரே, என்ன கொறை என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், மறுபடியும் ஒன்றுமில்லீங்க என்று சொல்லத்தான் வந்தது. அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், எங்க ஊடு ஒழுகுதுங்க, விட்டம் ஒடைஞ்சுபோச்சுங்க, மாசமா இருக்கற புள்ளையை ஊட்டுக்குக் கூப்பிட முடியலீங்க, இவரு கேட்டா ஒண்ணுமில்லீன்னுதான் சொல்லுவாருங்க என்று போட்டாள் ஒரு போடு. மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. அதிகாரி சிரிக்கவில்லை, மனுவில் மறு ஆய்வு செய்யவும் என்று எழுதி யூனியன் ஆபீஸுக்கு அனுப்பினார்.

பதினைந்தே நாளில் அதே பாலுசாமி வந்தார். இந்தத் தடவை அம்மா நாற்காலியும் போடவில்லை, காப்பியும் கொடுக்கவில்லை, வாங்க சாமி என்று நேரே உள் அறைக்குக் கூட்டிப்போனாள். அவர் ஏணியில் ஏறி ஸ்க்ரூடிரைவரால் விட்டத்தைக் குத்தினார், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. இறங்கி வந்து, ஏனுங்க, இதையா கொறையில்லீன்னு சொன்னீங்க, இதுக்கடியிலயா படுத்திருந்தீங்க என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆர்டர் கைக்கு வருகிற வரைக்கும் கூரை ஓடு ஒன்றைக்கூடக் கழற்றக்கூடாது, பழையதை ஆபீஸ்காரர்கள் போட்டோ எடுத்த பிறகுதான் பிரிக்கவேண்டும் என்று சொல்லிப் போனார். ஆர்டர் உன் அம்மா பேரில்தான் வந்தது, குடும்பத்துப் பொம்பளை பேரில்தான் போடுவார்களாம். அன்றிலிருந்து அவள் நடையே வேறு. முதல் தவணையைப் பாதி பணமாகவும் பாதி சிமெண்டாகவும் கொடுத்தார்கள், ஓடு தாங்குகிற கைமரம் ஏற்றினதும் ஓவர்சியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டபின் மீதி வந்தது. சிமெண்ட் இறங்கின அன்றைக்குக் கூலியாளை நான் தொடவிடவில்லை. அறுபது வயதில் ஒவ்வொரு மூட்டையையும் நானே முதுகில் தூக்கிவந்தேன். உன் அம்மா திட்டினாள், திட்டட்டும், என் வீட்டுக்கு நான் சுமந்த சிமெண்ட் அதுதானே. புது விட்டம், புது ஓடு, சுவரில் விரிசல் பூசியாயிற்று. முந்தாநாள் மத்தியானம் நல்ல மழை. பழக்கதோஷத்தில் அம்மா குண்டாவையும் வாளியையும் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். எங்கேயும் ஒரு சொட்டு இல்லை. குண்டாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்று அழுதாள், நானும்தான்.

இருபதாம் தேதி நானும் அம்மாவும் ரயில் ஏறுகிறோம், டிக்கெட் எடுத்தாயிற்று. கட்டுச்சோற்றுக்கு வேண்டியது எல்லாம் நாங்கள் கொண்டுவருகிறோம், செலவு இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். டாக்டர் சீட்டுகளை மறக்காமல் எடுத்துவை, இங்கே காட்டவேண்டும். கனம் தூக்காதே, தண்ணீர் காய்ச்சிக் குடி. இன்னொன்று. அதற்குப் பிறகு வந்த உன் போன கடிதத்தை அம்மா நேற்று மறுபடி வாங்கிப் பார்த்தாள். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை அப்பா என்று இருக்கிறது, ஆனால் எழுத்து முழுக்க மாப்பிள்ளையுடையது, கீழே போட்ட கையெழுத்து மட்டும்தான் உன்னுடையது, அதுவும் கோணல். கை வீங்கியிருக்கிறதா கண்ணு? மாசமாக இருக்கையில் கை வீங்கினால் சும்மா விடக்கூடாது என்கிறாள் அம்மா. எனக்கு இதைப் பார்க்கத் தெரியவில்லை, உன் அம்மாவுக்குத் தெரிந்தது. என் மகள்தானே நீ, வேறெப்படி எழுதுவாய். இதைப் படித்ததும் இன்றைக்கே டாக்டரிடம் போ, என்ன சொன்னார் என்று ஒளிக்காமல் எழுது. உன் கையால் முடியாவிட்டால் மாப்பிள்ளை கையாலேயே எழுது, ஆனால் உள்ளதை எழுது. ஆண்டவன் உன்னையும் உன் பிள்ளையையும் பத்திரமாக நம் வீடு சேர்க்கட்டும். குறை இருந்தால் அப்பாவிடம் சொல்லலாம் சாமி, அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

உன் அப்பா,
அரங்கசாமி